முதுசமாய் வந்த துவக்கு

பழைய துவக்கு இருக்கும் வீடுகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "அப்பப்பா காலந்தொட்டு ஒரு பிழையும் இல்லாமல் வெடிச்சது, இனி என்ன வரப்போகுது?" பெருமையோடு சொல்லப்படும் இந்தப் பேச்சு ஒரு சாட்சியம் போலவே ஒலிக்கிறது. ஆனால் அது நேற்றைய துவக்கைப் பற்றிய சாட்சியம். இன்று கையில் இருக்கும் துவக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அப்பப்பா கடைசியாகச் சுட்ட நாளுக்கும் பேரன் அதை அலுமாரியிலிருந்து வெளியே எடுக்கும் நாளுக்கும் இடையில் மூன்று விடயங்கள் மாறியிருக்கின்றன. குழலின் இரும்பு மாறியிருக்கிறது. கிடைக்கும் தோட்டா மாறியிருக்கிறது. அந்தத் துவக்கின் குணங்குறைகளை அறிந்திருந்த மனிதர் இல்லாமற் போய்விட்டார். ஆகவே முதுசமாய் வந்த துவக்கை முன்பின் அறியாத ஒரு பொருளாகவே எண்ணிச் சோதிக்க வேண்டும். 'இனிச் சுடக்கூடாது' என்று சோதனை சொன்னால் அதையும் ஏற்கத் தயாராக இருக்க வேண்டும். திருகோணமலை போன்ற கடலோர ஊரில், அதிலும் துறைமுகத்துக் காற்று ஓயாமல் வீசும் ஓர்ஸ் ஹில் என்கிற உவர்மலையில், இந்த வாதத்துக்கு இரட்டிப்பு வலு உண்டு.

இந்த மாவட்டத்துக்கு வேட்டைத் துவக்கு வந்த வழியைப் பார்த்தால் அதன் வயது விளங்கும். 1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. துறைமுகத்தை அண்டி உத்தியோகத்தர்களும் வணிகரும் வாழ்ந்தார்கள். அதற்கப்பால் தம்பலகாமம், கந்தளாய், மூதூர், குச்சவெளி என்று வயலும் காடும் கலந்த நிலம் விரிந்திருந்தது. பன்றியும் யானையும் பயிரில் இறங்கும் அந்த நிலத்தில் 12 போர் துவக்கு வேட்டைப் பிரியரின் பொருளாகவும் கமக்காரரின் காவற் கருவியாகவும் இருந்தது. 12 போர் என்பது ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று சரியாகப் புகும் குழல். உள் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். இங்கிலாந்தின் பேர்மிங்காமும் பெல்ஜியத்தின் லியேஜும் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் இத்தகைய துவக்குகளைச் செய்து அனுப்பின. பிறகு வந்த காலம் வேறு. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி.யினர் ஏந்திய ஆயுதங்களுள் வீடுகளில் இருந்து எடுத்த வேட்டைத் துவக்குகள் முக்கியமானவை. 1980களில் வடக்குக் கிழக்கில் ஆயுத இயக்கங்களும் வீட்டுத் துவக்குகளைக் கொண்டு போயின. எல்லைக் கிராமங்களின் ஊர்காவல் படையினருக்கு அரசு துவக்குகளை வழங்கியது. இத்தனைக்கும் தப்பி ஒரு குடும்பத்திடம் எஞ்சியிருக்கும் துவக்கை வெறும் தட்டுமுட்டுச் சாமானாகக் கருத முடியாது. அதைத் தொடுவதற்கு முன் அதன் கடதாசிகளைத் தொட வேண்டும்.

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச் சட்டம். காணியும் நகையும் வாரிசுக்குப் போவது போலத் துவக்கு போவதில்லை. அனுமதிப்பத்திரம் ஒரு மனிதரின் பெயருக்கு வழங்கப்படுவது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. உரியவர் இறந்த பிறகு அந்தப் பத்திரத்தைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதால் மகனுக்கோ மகளுக்கோ எந்த உரிமையும் வந்துவிடாது. பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதை மாவட்டச் செயலகத்திலும் பாதுகாப்பு அமைச்சிலும் உரிய முறையில் கேட்க வேண்டும். பத்திரம் காலாவதியாகி நெடுநாள் ஆகியிருந்தாலோ, பத்திரமே கிடைக்காவிட்டாலோ, துவக்கைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீதியில் இறங்குவது தவறு. ஒரு சட்டத்தரணியின் துணையோடு முதலில் தகவலைக் கொடுத்து, அதிகாரிகள் சொல்லும் விதத்தில் கையளிப்பதே பாதுகாப்பு. 2024 நவம்பரில், தனிநபர் பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு கேட்டது. சட்டப்படி வைத்திருந்தவர்களுக்கே அந்த அறிவித்தல் வந்தது என்றால், பத்திரம் இல்லாதவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது தெளிவு. இன்னாருடைய துவக்கு, இன்ன இலக்கம், இன்ன காரணத்துக்கு அனுமதி என்பது சீரான பிறகுதான் இரும்பைப் பற்றிய பேச்சு தொடங்கலாம்.

இரும்பில் முதலில் பார்க்க வேண்டியது கடலின் வேலையை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். திருகோணமலையில் வாடை பெயர்ந்து மழை கொட்டும் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாதங்களில் அந்த அளவு எளிதில் தாண்டப்படுகிறது. கச்சான் அடிக்கும் காலத்துப் பகல் வரண்டதாக இருந்தாலும், காற்றோடு வந்து படிந்த உப்பு இரும்பை விட்டுப் போவதில்லை. அடுத்த ஈரத்துக்காக அங்கேயே காத்திருக்கிறது. குழலின் வெளிப்புறத்தை யாராவது அவ்வப்போது துடைத்திருப்பார்கள். துணி புகாத இடங்களில்தான் கேடு வளர்கிறது: முன்கட்டைக்கு அடியில், இரட்டைக் குழல்களை இணைத்து ஓடும் பட்டியின் விளிம்பில், தோட்டாவைத் தள்ளும் தகட்டின் பின்னால், பூட்டுக்குள். துவக்கைப் பாதுகாப்பதாக நினைத்துத் தோல் உறைக்குள் போட்டு வைப்பது கேட்டை விரைவுபடுத்தும். பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்ட வைத்திருக்கும். தேங்காய் எண்ணெய் பூசி வைத்தால் நாளடைவில் அது சிக்குப் பிடித்துப் புளித்து, தன் அமிலத்தால் இரும்பை உண்ணும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. சுவரில் தொங்கிய துவக்கின் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். அந்தச் சிறு மண்ணுருண்டை போதும். சன்னம் அதில் முட்டும் கணத்தில் குழல் வீங்கும் அல்லது வெடித்துத் திறக்கும்.

குழலின் உட்புறத்தை அரிப்பது கடல் மட்டுமன்று, துவக்கு முன்பு சுட்ட தோட்டாக்களும்தான். கருமருந்து எரிந்து விட்டுப்போகும் கரி ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. பழைய தோட்டாக்களின் தீமூட்டிகளில் இருந்த பொட்டாசியம் குளோரேற்று எரிந்தபின் குழலில் உப்பாகவே படிந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்தால் அந்த உப்புப் போகாது, எண்ணெயின் கீழ் ஒளிந்துகொள்ளும். அதைக் கரைத்து நீக்கத் தண்ணீர் வேண்டும்; அதற்குப் பிறகுதான் எண்ணெய். இது தெரிந்த கைகளில் நூற்றாண்டுத் துவக்கும் கண்ணாடி போன்ற குழலோடு இருக்கிறது. தெரியாத கைகளில் இருபது ஆண்டிலேயே உள்ளே குழி விழுந்துவிடுகிறது. ஆகவே துவக்கின் வயது அதன் நிலையைச் சொல்வதில்லை. வெளிப்புறத்தின் மினுக்கமும் சொல்வதில்லை. உள்ளே பார்த்தவருக்கே தெரியும்.

இரண்டாவது மாற்றம் தோட்டாவில் நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வேட்டைத் துவக்குகள் கருமருந்துக்காகவே செய்யப்பட்டன. இரும்பையும் உருக்கையும் பட்டைகளாக்கி, முறுக்கி, ஓர் அச்சில் சுற்றிக் காய்ச்சி அடித்த டமாஸ்கஸ் குழல்கள் அக்காலத்தவை. அவற்றின் மேல் ஓடும் அலைக்கோலம் இன்றும் கண்ணைப் பறிக்கும். அந்நூற்றாண்டின் இறுதியில் புகையிலா மருந்து பரவியது. ஒரே வார்ப்பு உருக்கில் துளைத்த குழல்கள் பழையவற்றின் இடத்தைப் பிடித்தன. இன்று விற்பனையாகும் தோட்டாக்கள் புகையிலா மருந்தால் நிரம்பியவை. கருமருந்தைவிட உயர்ந்த அழுத்தத்தை எழுப்புபவை. சர்வதேசத் துவக்குச் சோதனை அமைப்பான சி.ஐ.பி. வழமையான 12 போர் தோட்டாவுக்கு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 740 பார். கார் டயரில் இருக்கும் காற்று இரண்டரை பார் அளவே என்பதை நினைத்தால், சுடுபவரின் இடது கைக்கு அங்குலக் கணக்கில் அருகே என்ன நடக்கிறது என்பது புரியும். டமாஸ்கஸ் குழல் பிறவியிலேயே பலவீனமானது என்று சொல்வதும் நியாயமில்லை. பேர்மிங்காம் சோதனை நிலையம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலவகைக் குழல்களை ஒப்பிட்டுச் சோதித்தபோது, அடுக்கு இரும்பில் செய்த ஆங்கிலேயக் குழல் முன்னிலை பெற்றதை துவக்குத் தயாரிப்பாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் பதிவு செய்திருக்கிறார். ஆனால் சோதிக்கப்பட்டவை புதுக் குழல்கள். ஆயிரக்கணக்கான ஒட்டுகளால் ஆன ஒரு குழலில், நூறு ஆண்டு உப்புக் காற்றுக்குப் பிறகு எந்த ஒட்டின் ஊடே துரு உள்ளே இறங்கியிருக்கிறது என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

துவக்கு எந்த மருந்துக்குத் தாங்கும் என்பதைச் செய்தவர்களே அதன் உடலில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் எந்தக் குழலும் விற்பனைக்கு வருமுன் வழமையைவிட வலிய தோட்டாவால் சுட்டுச் சோதிக்கப்பட வேண்டும். தாங்கினால் முத்திரை விழும். இலண்டனின் சோதனை நிலையம் 1637இலும் பேர்மிங்காமினது 1813இலும் தொடங்கியவை. லியேஜ் நகரின் மரபு 1672க்குப் போகிறது. குழலைக் கழற்றித் திருப்பினால், அடிப்பகுதியின் தட்டையான இடத்தில் இந்த முத்திரைகள் தெரியும். முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகள் இருந்தால் துவக்கு லியேஜைச் சேர்ந்தது. முடிக்குக் கீழே என்.பி. அல்லது பி.என்.பி. என்றிருந்தால் பேர்மிங்காமில் புகையிலா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. வாளேந்திய கைக்குக் கீழே என்.பி. என்றிருந்தால் இலண்டனில் அவ்வாறே. 1896 முதல் சில ஆண்டுகள் 'நைட்ரோ புரூஃப்' என்ற சொற்களையே பொறித்தார்கள். ஆங்கிலேயத் துவக்கொன்றில் இவற்றில் எதுவுமே இல்லாவிட்டால் அது கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது என்று கொள்வதே முறை. அதில் இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்க்க எந்த நியாயமும் இல்லை.

தோட்டா அறையின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய ஆங்கிலேயத் துவக்குகள் பெரும்பாலும் இரண்டரை அங்குல, அதாவது 65 மில்லிமீற்றர் அறை கொண்டவை. இன்று பரவலாகக் கிடைப்பவை 70 மில்லிமீற்றர் தோட்டாக்கள். நீளமான தோட்டா குட்டையான அறைக்குள் போகாது, போகாவிட்டால் துவக்கு மூடாது, ஆகவே தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அப்படியில்லை. தோட்டாவின் நீளம் என்று குறிப்பிடுவது சுட்ட பிறகு வாய் விரிந்த உறையின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் உள்ளே மடிந்திருப்பதால் அது குட்டையாக இருக்கும். 65 மில்லிமீற்றர் அறைக்குள் எந்தத் தடையும் இல்லாமல் புகும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி, அறை ஒடுங்கும் இடத்தில் போய் நெருக்கும். அந்த நெருக்கடி அழுத்தத்தை உயர்த்தும். துவக்கு அன்றைக்கே வெடிக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு வெடியும் பூட்டைச் சிறிது தளர்த்திக்கொண்டே போகும். தோட்டா 'பொருந்துகிறது' என்பது எதற்கும் அத்தாட்சியாகாது. இதைவிடக் கொடிய விபத்தும் உண்டு. 20 போர் தோட்டாவை மறதியாக 12 போர் குழலில் போட்டால் அது அறையைத் தாண்டி முன்னே வழுக்கி நின்றுவிடும். குழல் வெறுமையாகத் தோன்றும். பின்னால் சரியான தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் சிதறும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் உறை இடும் வழக்கம் இதற்காகவே வந்தது. அப்பப்பாவின் லாச்சியில் பல காலத்துத் தோட்டாக்கள் கலந்து கிடந்தால் அவற்றை வகை பிரித்துப் பாவிக்க முயல வேண்டாம். அனைத்தையும் பொலிஸாரிடம் அறிவித்து ஒப்படைப்பதே நல்லது. ஈரத்தில் ஊறிய பழைய தோட்டா பலமில்லாமல் வெடித்து, அடைப்பைக் குழலின் நடுவிலேயே விட்டுவிடக்கூடும். அடுத்த வெடி அதில் போய் மோதும்.

இனி முதற்கூற்றுக்குத் திரும்பலாம். அறுபது ஆண்டு பிழையின்றி வெடித்த துவக்கு அறுபத்தோராம் ஆண்டில் மட்டும் ஏன் பிழைக்கப் போகிறது என்று கேட்பது இயல்பான கேள்வி; அனுபவத்தை மதிப்பவரின் கேள்வி. அதற்கு இரும்பே விடை தருகிறது. குழலுக்குள் விழுந்த குழிகளைப் போக்க உட்புறத்தைச் சுரண்டி மினுக்குவது பழைய வழக்கம். ஒவ்வொரு சுரண்டலும் குழலின் உட்துளையைப் பெரிதாக்கும், சுவரை மெலிவாக்கும். பிரித்தானிய விதிகளின்படி, முத்திரையில் பொறித்த அளவைவிட உட்துளை ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு பெருத்துவிட்டாலே பழைய சோதனை செல்லாமற் போய்விட்டதாக நீண்டகாலம் கொள்ளப்பட்டது. இன்றைய விதி அதைவிடவும் இறுக்கமானது. குழலின் அடியிலிருந்து ஒன்பது அங்குலத்தில் அந்த அளவை எடுப்பார்கள். சுவரின் தடிப்பு எந்த இடத்திலும் அரை மில்லிமீற்றருக்குக் கீழே இறங்கினால் கைதேர்ந்த துவக்குத் தொழிலாளர் தலையசைக்கத் தயங்குவார்கள். இந்த மெலிவு வெடிக்கும் நாள்வரை எந்த அறிகுறியும் காட்டாது. நேற்றுத் தாங்கியது என்பதால் நாளையும் தாங்கும் என்று சொல்லக் குறையாத பொருள் வேண்டும். இங்கே பொருளே குறைந்துகொண்டு போகிறது. ஆகவே அறுபது ஆண்டுப் பாவனை துவக்குக்கு ஆதரவான சான்று என்பதைவிட, அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கான காரணம் என்றே சொல்ல வேண்டும்.

உரிமையாளர் தன் கண்ணாலும் காதாலும் அறியக்கூடியவை பல உள்ளன. அவை துவக்கைச் சுடத் தகுதியாக்குவதில்லை. சுடத் தகாதது எது என்பதை விரைவாகக் காட்டித் தரும். முதலில் துவக்கை மடித்துத் திறந்து, இரண்டு அறைகளையும் கண்ணால் பார்த்து விரலால் தொட்டு, தோட்டா இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இதைத் துவக்கைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். பிறகு முன்கட்டையை நீக்கிக் குழலைக் கழற்றி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து இரு பக்கத்தாலும் உள்ளே பார்க்க வேண்டும். பிறை போன்ற நிழல் விழுந்தால் வெளியே நசுங்கியிருக்கிறது. முழு வளையமாக நிழல் விழுந்தால் குழல் வீங்கியிருக்கிறது. கறுத்த புள்ளிகள் குழிகள். வீங்கிய குழல் அன்றோடு ஓய்வு பெற வேண்டியது. இரட்டைக் குழலை அதன் கொளுவியால் தொங்கவிட்டு விரல் மூட்டால் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். அடைத்த ஒலி வந்தால் நடுப்பட்டியின் ஈயப் பற்று விட்டிருக்கிறது, அதன் அடியில் துரு குடியிருக்கிறது. அடுத்து, முன்கட்டை இல்லாமலே குழலைப் பூட்டில் மாட்டி மூடி, சோங்கின் கழுத்தைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். முன்கட்டையின் வில் தளர்வை மறைத்துவிடும் என்பதால்தான் அதை நீக்கச் சொல்வது. அசைவு தெரிந்தாலோ, குழலின் அடிக்கும் பூட்டின் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ, தோட்டாவின் அடித்தட்டுக்குத் தாங்கல் போதாது என்று பொருள். சோங்கின் கழுத்தில், பூட்டு பதிந்த மரத்தின் பின்னால், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறி மிருதுவான மரம் அங்கேதான் முதலில் பிளக்கும்.

பூட்டைப் பற்றி ஒரு தப்பெண்ணம் பரவலாக இருக்கிறது. பாதுகாப்புக் குமிழைப் பின்னே இழுத்துவிட்டால் துவக்கு வெடிக்காது என்று நம்புகிறார்கள். 1875இல் அன்சனும் டீலியும் காப்புரிமை பெற்ற பெட்டிப் பூட்டு அமைப்பைப் பின்பற்றும் பெரும்பாலான துவக்குகளில் அந்தக் குமிழ் விசைவில்லை மட்டுமே தடுக்கிறது. உள்ளே இருக்கும் சுத்தியலைத் தடுப்பதில்லை. சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் கொளுவி தேய்ந்திருந்தால், துவக்கு விழுந்த அதிர்ச்சியில் குமிழ் பின்னே இருந்தபடியே சுத்தியல் விழக்கூடும். வெளியே குதிரை தெரியும் பழைய துவக்குகளில் பாதி இழுத்த நிலையில் நிறுத்தும் வெட்டு ஒன்று உண்டு. அந்த வெட்டின் விளிம்பு தேய்ந்திருந்தால் அதற்கும் உத்தரவாதம் இல்லை. இவற்றைச் சோதிக்க வெறும் அறையில் விசைவில்லை அழுத்திப் பார்க்கக்கூடாது. வெறுமையாக அடிக்கும் ஊசி முறியக்கூடும். அதற்கென்றே செய்த போலித் தோட்டாக்கள் இருக்கின்றன. மூன்றாவது மாற்றம் என்று தொடக்கத்தில் சொன்னதை இங்கே உணரலாம். இடது விசைவில் இளகியது, வலது குதிரையை முழுதாக இழுத்த பிறகே நம்ப வேண்டும், இன்ன தோட்டா போட்டால் திறக்க இறுகும் என்பதெல்லாம் அப்பப்பாவின் கைக்குத் தெரிந்திருக்கும். அவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை. துவக்கு வாரிசுக்கு வருகிறது. கையின் அறிவு வருவதில்லை. அவர் பிழையின்றிச் சுட்டதற்குத் துவக்கின் நலம் மட்டுமே காரணம் என்று யார் சொல்வது? குறைகளை அறிந்து அதற்கேற்ப நடந்தது அவருடைய கவனமாகவும் இருக்கலாம்.

இத்தனை சோதனையும் செலவும் எதற்கு, ஊரில் இருக்கும் நல்ல மெக்கானிக்கிடமோ கொல்லரிடமோ கொடுத்தால் திருத்தித் தர மாட்டாரா என்று கேட்பவர் உண்டு. கைத்திறன் மீதான மரியாதையில் எழும் கேள்வி அது. அந்த மரியாதை நியாயமானது. ஆனால் துவக்கின் குழலுக்கு மற்ற இரும்பு வேலையின் விதிகள் பொருந்துவதில்லை. தளர்ந்த பூட்டை வெல்டிங் பிடித்து இறுக்கினால் அந்த இடத்தின் உருக்கு தன் பதத்தை இழக்கும். இரட்டைக் குழலுக்குப் புது நீலச் சாயம் ஏற்றக் கொதிக்கும் காரக் குளியலில் அமிழ்த்தினால், நடுப்பட்டியைப் பிடித்திருக்கும் ஈயப் பற்று அரிக்கப்பட்டுக் குழல்கள் பிரியும். எமரித் தாளால் துருவைத் தேய்த்தால் துருவோடு சோதனை முத்திரையும் போகும். செய்தவர் சொல்லி வைத்த ஒரே செய்தியும் அழியும். அளவில்லாத திருகாணியால் பூட்டின் ஆணிகளைத் திருப்பினால் அவற்றின் வெட்டு சிதையும். பிறகு நல்ல தொழிலாளராலும் கழற்ற முடியாது. துவக்குத் திருத்துவதும் சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்பட்ட தொழில். அனுமதி இல்லாதவரிடம் கொடுத்தால் கொடுத்தவரும் வாங்கியவரும் குற்றத்தில் மாட்டுவார்கள். இலங்கை சி.ஐ.பி.யின் உறுப்பு நாடன்று. ஆகவே பெரிய திருத்தம் செய்த குழலை மறுபடியும் சோதித்து முத்திரை பெறும் வசதியை இங்கே எதிர்பார்க்க முடியாது. இந்த நிலையே ஒரு முடிவைச் சொல்கிறது: குழலில் பெரிய வேலை தேவைப்படும் துவக்கு, நமது சூழலில், திருத்திச் சுடுவதற்கு உரியதன்று.

அப்படியானால் துவக்குக்குச் சேவிஸ் என்று செய்ய என்ன மிஞ்சுகிறது? அடக்கமான, ஆனால் தொடர்ச்சியான வேலை மிஞ்சுகிறது. கழற்றிய குழலைக் குழல்வாய்ப் பக்கத்திலிருந்து துடைக்காமல், அடியிலிருந்து வாய்க்குத் துணி செலுத்தித் துடைப்பது. பழைய உப்பு இருந்தால் வெந்நீரால் கரைத்து, முற்றாக உலர்த்தி, உடனே மெல்லிய இயந்திர எண்ணெயைத் தொட்டுப் பூசுவது. மேலோட்டமான துருவை எண்ணெயில் நனைத்த மிக நுண்ணிய வெண்கலக் கம்பிப் பஞ்சால் பொறுமையாக எடுப்பது. மரத்தில் எண்ணெய் இறங்காதபடி பார்ப்பது. நிறுத்தி வைப்பதானால் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்த வேண்டும். எண்ணெய் வழிந்து சோங்கின் தலைக்குள் ஊறாது. தோல் உறையைத் தனியே வைக்க வேண்டும். காற்றோட்டமுள்ள, பூட்டிய இரும்பு அலுமாரியே துவக்கின் இடம். தோட்டா இருந்தால் வேறொரு பூட்டின் கீழ். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளை வைப்பவர் அவற்றை அடிக்கடி சூடாக்கி உலர்த்த வேண்டும். ஊறிய மணிகள் திருகோணமலை மழைக்காலத்தில் எந்த உதவியும் செய்யாது. மாரிக்கு முன் ஒரு முறை, மாரிக்குப் பின் ஒரு முறை முழுமையாகத் திறந்து பார்ப்பது இந்தக் கரையோரத்தில் குறைந்தபட்ச ஒழுங்கு. பூட்டின் உட்பகுதி, குழலின் அளவு, சுவரின் தடிப்பு ஆகியவை அனுமதி பெற்ற, அளவுக் கருவி உள்ள தொழிலாளரின் வேலை.

இன்னும் கனமான ஒரு மறுப்பு கமக்காரரிடமிருந்து வருகிறது. இரவில் வேளாண்மைக்குள் பன்றி இறங்கும்போது, யானை வேலியைச் சாய்க்கும்போது, நூல்களும் அளவுகளும் எதற்கு, வெடிக்கும் துவக்கு ஒன்று போதும் என்பது அவர் நியாயம். ஒரு போகத்து உழைப்பை ஓர் இரவில் இழந்தவரிடம் எவரும் இலேசாக எதிர்வாதம் பேச முடியாது. ஆனால் அவருடைய தேவைதான் இந்த வாதத்தை மேலும் வலுவாக்குகிறது. காவலுக்கு நிற்கும் மனிதருக்கு, தேவைப்படும் நேரத்தில் தன் கையையே சிதைக்கக்கூடிய கருவி காவலாகாது. இரண்டு கையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்த நட்டம் பன்றி தந்த நட்டத்தைவிடப் பலமடங்கு பெரியது. இலங்கையில் சில ஆண்டுகளில் ஒரே ஆண்டுக்குள் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்திருக்கின்றன. அந்த மரணங்களுக்கான காரணங்களில் துவக்குச் சூடும் ஒன்று. சிறு சன்னம் யானையைத் தடுப்பதில்லை. புண்ணாக்கிச் சீழ் பிடிக்கவைத்து, வலியில் இன்னும் மூர்க்கமாக ஊருக்குள் திருப்பி அனுப்புகிறது. ஊரில் செய்து காட்டோரங்களில் இன்றும் பிடிபடும் இடியன் துவக்கும், வருவது மனிதரா மிருகமா என்று அறியாத கட்டுத்துவக்கும் இதே அவசரத்தின் பிள்ளைகள். பயிர்க் காவலுக்குத் துவக்கு உண்மையிலேயே வேண்டுமென்றால், அதற்குரிய அனுமதியோடு, இன்றைய தோட்டாவுக்குச் சோதிக்கப்பட்ட துவக்கையே கேட்டுப் பெற வேண்டும். முதுசத்தின் மேல் அந்தப் பாரத்தைச் சுமத்துவது முதுசத்துக்கும் நல்லதில்லை, கமக்காரருக்கும் நல்லதில்லை.

கடைசி மறுப்பு நேரெதிர்த் திசையிலிருந்து வருவது. இவ்வளவு சிக்கல் இருந்தால், அதிலும் ஆயுதத்தால் இத்தனை துயரம் கண்ட ஒரு மண்ணில், அதை ஒப்படைத்துவிட்டுப் போவதுதானே என்று கேட்பார்கள். பல குடும்பங்களுக்கு அதுவே சரியான விடை. பத்திரம் சீராகாத துவக்கையும், பூட்டி வைக்க வசதியில்லாத வீட்டில் இருக்கும் துவக்கையும், சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடிய துவக்கையும், மனம் நொந்திருக்கும் ஒருவர் வாழும் வீட்டில் இருக்கும் துவக்கையும் வைத்திருக்க எந்தப் பாசமும் காரணமாகாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே விடையென்று விதிப்பது அவசரம். நன்கு செய்த பழைய துவக்கு, பேர்மிங்காமின் அல்லது லியேஜின் கொல்லர்கள் கையால் அராவிப் பொருத்திய வேலை. அதன் முத்திரைகள் ஒரு காலத்தின் ஆவணம். அதன் அனுமதிப்பத்திரங்கள் ஒரு குடும்பத்தின், ஒரு மாவட்டத்தின் நிர்வாக வரலாறு. சட்டப்படி அனுமதி பெற்று, சுடாமல், துருவேறாமல் அதைப் பேணுவது மதிப்பான செயல். செயலிழக்கச் செய்து வைக்க விரும்புவோர், செயலிழந்த துவக்கைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டறிந்த பிறகே அதைச் செய்ய வேண்டும். எந்த முடிவை எடுத்தாலும், முத்திரைகளைப் படம் பிடித்து, அளவுகளை எழுதி, அறிந்த குறைகளைக் குறித்து, பத்திரங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். அப்பப்பாவின் கையோடு போன அறிவு மறுபடியும் அப்படிப் போகாமலிருக்க இதுவே வழி.

ஆக, முதுசத் துவக்கைப் பெற்றவரின் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: தகுதி அறிந்து பாவிப்பது, பாவிக்காமல் பேணுவது, ஒப்படைப்பது. எது தமக்கு உரியது என்பதைப் பத்திரமும் முத்திரையும் அளவும் சேர்ந்து சொல்லும். முன்னோர் மீதான பாசம் மட்டும் சொல்லாது. சோதிப்பது முன்னோரை நம்பாமை ஆகாது. அவர்கள் தங்கள் துவக்கை நாளும் பார்த்து, துடைத்து, அதன் குறையறிந்து பழகினார்கள். அந்தக் கவனத்தால்தான் அது பிழையின்றி இன்றுவரை வந்திருக்கிறது. அவர்களுடைய பெயரால் கவனத்தை விட்டுவிட்டு இரும்பை மட்டும் எடுத்துக்கொள்வதே அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. கடல் அருகே இருக்கும் ஓர்ஸ் ஹில் வீடொன்றில் பழைய துவக்கைக் கையில் எடுப்பவர், அதில் தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் ஆசையை ஒத்திவைத்து, முதலில் பத்திரத்தையும் பிறகு முத்திரையையும் தேடட்டும். அந்தத் தேடலில் 'இதைச் சுடக்கூடாது' என்ற விடை கிடைத்தால், அது வீணாய்ப் போன முயற்சியன்று; ஒரு கையையும் ஒரு கண்ணையும், சிலவேளை ஓர் உயிரையும், காப்பாற்றிய முயற்சி.